பத்துக்கு எட்டு அறையில் ஒரு பழைய ஸ்டீரியோ



ஆம்ப்ளிஃபயர் பற்றிக் கேள்வி வந்தால் நாம் என்ன வரைவோம்? இன்புட், ப்ரீ ஆம்ப்ளிஃபயர், டோன் கன்ட்ரோல், பவர் ஆம்ப்ளிஃபயர், கடைசியில் ஒரு ஸ்பீக்கர். அத்தோடு ஸ்கேலைக் கீழே வைத்துவிடுவோம். மார்க்கும் வந்துவிடும். ஆனால் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் ஒரு அறை இருக்கிறது. அந்த அறையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு இரண்டு காதும் கேட்கலாம், ஒன்று மட்டும் கேட்கலாம். பிளாக் டயகிராமில் இடம் பிடிக்காத இந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு பழைய ஸ்டீரியோ செட்டை வாங்கி எங்கள் வீட்டின் சின்னப் படுக்கையறையில் வைத்த கதையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. படுக்கையறை 10 அடி நீளம், 8 அடி அகலம். உயரமும் 10 அடி. தாத்தாவின் கட்டில், ஒரு இரும்பு பீரோ, என் புத்தக அலமாரி, டிராயிங் போர்டு இவ்வளவும் போக மிச்சமிருக்கும் தரையில் நான் பாய் விரித்துப் படுப்பேன். மின்விசிறி சுற்றினால் ரெக்கார்ட் நோட்டின் பக்கங்கள் தாத்தாவின் முகத்தில் புரளும். அவ்வளவு பெரிய மாளிகை!

தாத்தாவுக்கு 78 வயது. தறி ஓடும் மில்லில் 28 வருஷம் வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே சீழ் வடிந்து அவருடைய இடது காது சுத்தமாகப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதைத் தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆனாலும் பாட்டென்றால் உயிர். பாட்டி போன பிறகு சாயங்காலப் பொழுதைப் பாட்டுதான் தள்ளிவிட்டது. பழைய ரேடியோ ஒரேயடியாகப் படுத்துவிட்டதும் அதுவும் நின்றது. வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். மாலை ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இதைப் பார்த்து அக்கா தீபாவளிக்கு அவருக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தாள். செல்போனில் பாட்டுப் போட்டுக் காதில் மாட்டிவிட்டோம். இரண்டே நாள். கழற்றித் தலையணை அடியில் வைத்துவிட்டார்.

“இன்னா தாத்தா, நல்லா இல்லையா?”

“பாட்டு பாதிதாண்டா வருது. வயலினைக் காணோம். டி.எம்.எஸ். பாடுனது நல்லா கேக்குது. அதுக்கப்புறம் வந்த பாட்டெல்லாம் அரைகொறையா இருக்குது. எல்லாத்துலயும் கலப்படம்!”

அம்மா சிரித்தார்கள். “வயசாச்சு, காது போயிடுச்சு, பாட்டு மேல பழி போடறார்” என்றார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். காது கேட்கவில்லை என்றால் எல்லாப் பாட்டும்தானே கேட்கக் கூடாது? டி.எம்.எஸ்.ஸுக்கு மட்டும் எப்படி வழி விடுகிறது?

விடை நம் பாடத்திலேயே இருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகள் மோனோ. ஒரே சிக்னல்தான் இரண்டு காதுக்கும் போகும். ஒரு காது போனாலும் இன்னொரு காதுக்கு முழுப் பாட்டும் கிடைத்துவிடும். ஸ்டீரியோ அப்படி இல்லை. இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற எஞ்சினியர் 1931-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சினிமாவில் நடிகர் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போகிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதே என்ற யோசனைதான் அவரைத் தூண்டியது என்பார்கள். 1958 வாக்கில் மேல்நாட்டுக் கடைகளில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது. தமிழில் 1978-ல் வெளியான ‘ப்ரியா’ ஸ்டீரியோவில் பதிவான ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. இந்த முறையில் வயலின் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பார்கள். இடது பக்கத்துச் சிக்னலை ஹெட்செட் இடது காதுக்கு மட்டும்தான் கொடுக்கும். தாத்தாவின் இடது காது மூடிய கதவு. வயலின் அந்தக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது! கலப்படமும் இல்லை, கற்பனையும் இல்லை. ஸ்டீரியோ என்ற வார்த்தையே தெரியாமல் அவர் அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்.

செல்போனின் செட்டிங்ஸில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு காது கேளாதவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பயன்படலாம், நினைவில் வையுங்கள். அதைப் போட்டதும் வயலின் வந்துவிட்டது. ஆனால் தாத்தா மறுபடியும் ஹெட்செட்டைக் கழற்றினார். “காதுல அடைச்சிக்கினு கேக்கறது பாட்டாடா? பாட்டுன்னா ஊடு பூரா கேக்கணும்” என்றார். நியாயம்தானே!

அந்தச் சமயம்தான் எங்கள் தெரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். “கல்யாணத்துக்கு இப்ப எல்லாம் டி.ஜே.தான் தம்பி கேக்கறாங்க” என்று சலித்துக்கொண்டார். மூலையில் ஒரு பழைய ஸ்டீரியோ செட் தூசி மூடிக் கிடந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் டெக், 8 அங்குல ஊஃபரும் ஒரு ட்வீட்டரும் வைத்த மரப்பெட்டிகள் இரண்டு. கம்பெனிப் பெயர் கிடையாது, 1980-களில் இங்கேயே யாரோ அசெம்பிள் செய்தது. “காயலான் கடைக்காரன் டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கற செம்புக்காக 900 ரூவா சொல்லிட்டுப் போயிருக்கான். நீ படிக்கிற புள்ள. ஆயிரம் குடுத்துட்டு எடுத்துக்கோ” என்றார். பார்ட் டைம் வேலையில் சேர்த்த பணம் இருந்தது. ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மூடியைக் கழற்றியதும் மனசு நிறைந்துவிட்டது. வரிசையாக நான்கு 2 என் 3055! ஆர்.சி.ஏ. கம்பெனி 1960-களில் கொண்டுவந்த பவர் டிரான்சிஸ்டர். 60 வோல்ட், 15 ஆம்பியர். கையில் எடுத்தால் கனமான உலோகத் தொப்பி. இன்றைக்கும் ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய செட்டின் அருமையே இதுதான். உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்குப் பிடிபடும், போனால் அது ஒன்றை மட்டும் மாற்றலாம். டிப்ளமோ படிப்பவனுக்காகவே செய்து வைத்த மாதிரி.

நேராகப் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் தூங்கிய செட்டுக்குச் சீரிஸ் லாம்ப்தான் முதல் மருத்துவர். ஒரு 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராக இணைக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், செட்டுக்கு ஆபத்தில்லை. நல்ல செட் என்றால் ஒரு கணம் பிரகாசித்து மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். நான்கு கடை ஏறி இறங்கித்தான் ஒன்று கிடைத்தது. எங்கள் செட்டில் பல்பு மங்கியது. ஆனால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல்.

அதுவும் பாடம்தான். நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் ரெக்டிஃபயருக்குப் பின் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். அதை மழுப்ப வேண்டிய 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் உலர்ந்துபோயிருந்தது. பழையதைத் தொடுமுன் ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துகொண்டு புதியது போட்டேன், இரைச்சல் அடங்கியது. கரகரத்த வால்யூம் கன்ட்ரோலுக்குக் கான்டாக்ட் க்ளீனர். பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு, மெட்டல் பெட்டிக்கு எர்த் கொடுத்து மூன்று பின் வயர். கேசட் டெக்கின் பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டுப் புது பெல்ட் மாட்டினேன். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட்டுக்கு இன்னும் பெல்ட் கிடைக்கிறது என்பதே ஒரு சந்தோஷம். தாத்தாவிடம் இரண்டு டஜன் கேசட் இருக்கிறதே!

ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6.5 ஓம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் டி.சி. ரெசிஸ்டன்ஸ் அவ்வளவுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்தது பேட்டரி சோதனை. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒரு பெட்டியில் தள்ளியது, இன்னொன்றில் உள்ளே இழுத்தது. யாரோ எப்போதோ உள்ளே வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கெங்கோ அலையும். இரண்டு வயரை மாற்றிச் சால்டர் செய்ததோடு தீர்ந்தது.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான் போட்டது சாதாரண 40/36 வயர். போக வர 6 மீட்டருக்கு அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.09 ஓம். 8 ஓமுக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்குதான். அந்தப் பணத்துக்குக் கேன்டீனில் ஒரு வருஷம் டீ குடிக்கலாம்.

செட் தயார். பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரே பாட்டு, ஒரே வால்யூம். தாத்தா படுத்திருக்கும் மூலையில் தவில் கச்சேரி மாதிரி ‘டொம் டொம்’. நடுவில் என் பாயில் வந்து உட்கார்ந்தால் பாஸையே காணோம்! ஆம்ப்ளிஃபயரில் ஒரு குறையும் இல்லை. இது அறையின் வேலை.

ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, சுவர்களுக்கு இடையிலான தூரம் அரை அலைநீளமாக இருக்கிற அதிர்வெண்ணில் நிலை அலை உண்டாகும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 10 அடி என்பது 3.05 மீட்டர். 349-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். 8 அடிக்கு 71 அல்லது 72 ஹெர்ட்ஸ். எங்கள் அறைக்கு நீளமும் உயரமும் ஒரே 10 அடி. அதனால் அதே 57 ஹெர்ட்ஸ் இரண்டு வழியில் குவிகிறது. நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் அதிகம், நட்ட நடுவில் மிகக் குறைவு. மூலையில் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தாத்தாவின் தலையணை மூலையில், என் பாய் நடுவில். கணக்கு அப்படியே பொருந்தியது.

“டேய், செவுரு பூரா முட்டை அட்டை ஒட்டுடா, ஸ்டூடியோ மாதிரி ஆயிடும்” என்றான் என் நண்பன். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் 20 அடி. 20 அடி அலையை 2 அங்குல அட்டையா தடுக்கும்? பாஸுக்கு இடம் மாற்றுவதுதான் சுலபமான வைத்தியம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். வடக்குச் சுவரை ஒட்டி, பக்கச் சுவரிலிருந்து ஆளுக்கு ஒன்றரை அடி தள்ளி வைத்ததும் இரண்டுக்கும் நடுவில் 5 அடி வந்தது. கீழே ஹாலோ பிளாக், அதன் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு, அதற்கு மேல் பெட்டி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்துவிட்டது. எதிர் மூலையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன். கைதட்டினால் ‘கணீர்’ என்று திரும்பி வந்த சத்தம் அதில் அடங்கியது.

அடுத்தது கட்டில். தாத்தா தெற்கே தலை வைத்து, கிழக்குச் சுவரோரம் படுப்பவர். அப்படிப் படுத்தால் கேட்கிற வலது காது சுவருக்கும், கேளாத காது அறைக்கும் போய்விடுகிறது. தலையணையை இந்தக் கோடிக்கு மாற்றிவிடலாமா என்றேன். “வடக்க தல வெச்சுப் படுக்கக் கூடாது!” என்று அம்மா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள். சரி, தலை தெற்கிலேயே இருக்கட்டும் என்று கட்டிலையே மேற்குச் சுவருக்கும் பீரோவைக் கிழக்குச் சுவருக்கும் மாற்றினோம். தெற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். இப்போது வலது காதுக்கு முழு அறையும் திறந்திருக்கிறது, ‘டொம் டொம்’மும் தணிந்தது.

பாட்டுப் போட்டால் எங்கேயோ ஒரு ‘டர்ர்ர்’ மட்டும் மிச்சமிருந்தது. நான் ஸ்க்ரூ ட்ரைவரோடு ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, தாத்தா எழுந்து வந்து ஒவ்வொரு பொருளாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பீரோக் கதவில் கை நின்றது. “இதாண்டா. தறி ஓடறப்ப காதால எங்கடா கண்டுபிடிக்கிறது? கையாலதான்” என்றார். கதவு இடுக்கில் ஒரு டியூப் துண்டைச் செருகினோம். நின்றது. 28 வருஷ அனுபவத்துக்கு எந்த மீட்டர் ஈடாகும்?

இனி ஸ்டீரியோ விஷயம். இரண்டு ஸ்பீக்கர், கேட்பவர், மூவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனையில் இருந்தால்தான் ஸ்டீரியோ சரியாக விரியும். எங்கள் அறையில் அந்த மூன்றாவது முனை என் பாயில் விழுந்தது. தாத்தாவின் தலைக்கு இடது பெட்டி ஆறரை அடி, வலது பெட்டி எட்டரை அடி. ஸ்பீக்கரில் கேட்கும்போது ஹெட்செட் மாதிரி பாதிப் பாட்டு காணாமல் போகாது, ஒரே காதுக்கு இரண்டு பெட்டியும் கேட்கும். ஆனால் தூரத்துப் பெட்டியில் இருக்கும் வாத்தியம் அவருக்கு மெலிந்துபோகும். முக்கோணத்தை அவர் பக்கம் நகர்த்தவும் இந்த அறையில் இடம் கிடையாது.

அதனால் அறையை விட்டுவிட்டுச் சர்க்யூட்டுக்கு வந்தேன். இன்புட்டில் ஒரு மோனோ ஸ்விட்ச். இடது, வலது சிக்னல்கள் ஆளுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு புள்ளியில் சேரும். ஒரு டி.பி.டி.டி. ஸ்விட்ச் அந்தப் புள்ளியை இரண்டு சேனலுக்கும் கொடுக்கும். மேலே தள்ளினால் ஸ்டீரியோ, கீழே தள்ளினால் மோனோ. செலவு ஒரு டீ, பன் காசு. ரெசிஸ்டர் இல்லாமல் வெறுமனே இணைக்காதீர்கள், இரண்டு சோர்ஸும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்பீக்கர் பக்கத்து அவுட்புட்களை மட்டும் கனவிலும் சேர்த்துவிடாதீர்கள். டிரான்சிஸ்டர் சொர்க்கம் போய்விடும்.

இதற்கிடையில் தாத்தாவைக் காது டாக்டரிடமும் கூட்டிப்போனோம். ஆடியோகிராம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். பார்த்ததும் அசந்துவிட்டேன். நம் லேபில் செமிலாக் ஷீட்டில் வரைகிற ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் தான்! கீழ் அதிர்வெண்களில் ஓரளவு நேராக வந்த கோடு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. பெரிய சத்தத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அந்த இடம்தான் அடிபடும் என்று டாக்டர் சொன்னார். ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பாட்டின் மெட்டுக் கேட்டும் வார்த்தை புரியாமல் போவதற்கு அதுதான் காரணம். வீட்டுக்கு வந்து, மோனோவில் போடும்போது ட்ரெபிள் குமிழை எந்த இடம் வரை திருப்பினால் அவருக்கு வார்த்தை தெளிகிறது என்று பார்த்து அங்கே பெயின்டில் ஒரு புள்ளி வைத்தேன். எனக்கு அந்த இடம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அதனால் என்ன? அது அவருடைய புள்ளி.

அன்றைக்கு அவர் முன்பு ‘அரைகொறை’ என்று தள்ளிவைத்த பாட்டையே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிசை வந்தபோது விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். “வயலின் வந்துடுச்சு. சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணு, கீழ்வீட்டுப் புள்ளைக்குப் பரீட்சை” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு டைம்டேபிள் உண்டு. மாலை 6 முதல் 8 வரை ஸ்விட்ச் கீழே. அது தாத்தாவின் நேரம். அவர் மொட்டை மாடியில் காற்று வாங்கும் காலை வேளையில் ஸ்விட்ச் மேலே, முக்கோணத்தின் முனையில் நான். ஒரே செட், ஒரே அறை, இரண்டு பேருக்கு இரண்டு விதம். எது சரியான செட்டிங் என்று கேட்டால், யார் கேட்கிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் மாமா வாங்கிய ஆம்ப்ளிஃபயரோ, அப்பாவின் டேப் ரெக்கார்டரோ கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு சீரிஸ் லாம்ப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷம் நாம் படித்ததெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் காத்திருக்கிறது. ஸ்பீக்கரை எந்தச் சுவரில் வைப்பது என்று டேப் எடுத்து அளக்குமுன், வீட்டில் யாருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமாக வையுங்கள்.

இறுதியாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை